மேசை மேல் மூன்று லீவர் ரைஃபிள்கள்: எதற்கு என்ன மதிப்பு, எதை வாங்குவது?

பென்சில்வேனியாவின் வடக்கு மலைப்பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. போன இலையுதிர் காலத்தில், வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருப்பது என்று முடிவெடுத்தார். ஒருநாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனால், சமையலறை மேசையில் பழைய கம்பளியை விரித்து மூன்று ரைஃபிள்களை வரிசையாக வைத்திருக்கிறார். மூன்றும் லீவர் ஆக்‌ஷன். விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழுந்து அடுத்தது உள்ளே ஏறும் வகை.

“ஒன்றை நீ எடுத்துக்கொள். மற்ற இரண்டுக்கும் நியாயமான விலை என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கொடு” என்றார்.

வாங்குகிறவனும் நானே, மதிப்புப் போடுகிறவனும் நானே. அவர் என்னை நம்பிக் கேட்கிறார். அதனால் அன்று ராத்திரி ஒரு மணி நேரத்தில் முடித்திருக்க வேண்டிய வேலையை இரண்டு வாரம் இழுத்துப் பொறுமையாகச் செய்தேன். பழைய வேட்டை ரைஃபிள் ஒன்று கைக்கு வந்து, வைத்துக்கொள்வதா விற்பதா, எவ்வளவு கேட்பது என்று யோசிக்கிற யாருக்கும் உதவும் என்றுதான் அதை எழுதுகிறேன்.

இந்த ஊரில் இது அபூர்வமான சொத்து இல்லை. பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள், அதாவது சுட்டதும் அடுத்த தோட்டா தானாகவே ஏறும் வகை, கூடாது. அதனால் தலைமுறை தலைமுறையாக லீவரும், குழலுக்கு அடியில் உள்ள பிடியை முன்னும் பின்னும் இழுத்து இயக்கும் பம்ப்பும் வீட்டுக்கு வீடு இருக்கும். 2018 வரை நன்றி நவிலல் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) அடுத்த திங்கட்கிழமைதான் மான் சீசன் தொடக்கம். பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே அன்று விடுமுறை. 2019 முதல் அது சனிக்கிழமைக்கு மாறிவிட்டது. பெரியவரின் மூன்று ரைஃபிள்களும் அந்தத் திங்கட்கிழமைகளைப் பார்த்தவை.

முதலாவது, வின்செஸ்டர் 94. 1950களில் செய்தது, .30-30 தோட்டா. இரண்டாவது, மார்லின் 336. 1975-இல் செய்தது, அதுவும் .30-30. மூன்றாவது, சாவேஜ் 99. 1952-இல் செய்தது, .300 சாவேஜ் தோட்டா. பெரியவர் மனசில் இருந்த வரிசை: வின்செஸ்டர்தான் பொக்கிஷம், அடுத்தது சாவேஜ், மார்லின் கடைசி. பெயரையும் வயசையும் வைத்துப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

எந்தத் துப்பாக்கியையும் கையில் எடுத்ததும் முதலில் லீவரைத் திறந்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில் ஒன்றும் இல்லை, மீதித் தோட்டாக்கள் காத்திருக்கும் மேகசினிலும் இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். உரிமையாளர் “காலிதான்” என்று சொன்னாலும் பார்க்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் மதிப்பு, விலை எல்லாம்.

மதிப்பு என்று சொல்லும்போது இரண்டு வேறு கணக்குகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சேகரிப்பவர் கொடுக்கும் விலை ஒன்று, காட்டுக்கு எடுத்துப் போகிறவர் கொடுக்கும் விலை இன்னொன்று. சேகரிப்பவருக்கு முக்கியம், தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு அதை யாரும் தொடாமல் இருந்தார்களா என்பதுதான். நம் வீடுகளில் பழைய குத்துவிளக்கு கிடைத்தால் முதல் காரியமாகப் புளி போட்டுத் தேய்ப்போம்; தேய்த்தால்தான் லட்சணம். பழைய துப்பாக்கியில் அந்தக் கை அரிப்பு வரவே கூடாது. மங்கிப்போன ப்ளூயிங் (இரும்பின் மேல் ஏற்றும் கருநீலப் பூச்சு), கை பட்ட இடத்தில் பழுப்பேறிய இரும்பு, தோளில் வைக்கும் மரக்கட்டையில் பட்ட கீறல் எல்லாம் அதன் வயசுக்கு நேர்மையான அடையாளங்கள். அவற்றைத் தேய்த்துப் புதிதாகச் சாயமேற்றினால் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். விலை மட்டும் பாதிக்குப் பாதி விழுந்துவிடும்.

பெரியவரின் வின்செஸ்டருக்கு அதுதான் நடந்திருந்தது.

வின்செஸ்டர் 94-இன் பெருமைக்குக் குறைவில்லை. ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்து 1894-இல் வந்தது. முதலில் கருமருந்துத் தோட்டாக்கள். மறு வருடமே, 1895-இல், புகையில்லா மருந்து அடைத்த .30-30 வந்து சேர்ந்தது. அமெரிக்க மான் வேட்டையின் அளவுகோலாகவே அது நின்றுவிட்டது. பத்து லட்சமாவது ரைஃபிளை 1927-இல் ஜனாதிபதி கூலிட்ஜுக்கும், இருபது லட்சமாவதை 1953-இல் ஐசனோவருக்கும் கொடுத்தார்கள். 2006-இல் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடும்வரை எழுபது லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். இந்தக் கடைசி எண்ணை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். எழுபது லட்சம் செய்த பொருள், பழசு என்பதற்காக மட்டும் அரிதாகிவிடாது.

இதில் எல்லோரும் சொல்லும் கோடு 1964. அந்த வருடம் செலவைக் குறைப்பதற்காக உள்ளே பலதை மாற்றினார்கள். தோட்டாவை மேலே தூக்கும் பாகத்தை முன்பு கெட்டி இரும்பில் கடைந்து செய்தார்கள். அதற்குப் பதில் தகட்டை அழுத்திச் செய்தது வந்தது. கெட்டி ஆணிகள் இருந்த இடத்தில் சுருட்டிய குழாய் ஆணிகள் வந்தன. பொறிகள் அடங்கிய நடு உடலான ரிசீவரின் உலோகமும் மாறியது, அதில் வழக்கமான ப்ளூயிங் சரியாகப் பிடிக்காது. சுடுவதில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் லீவரை ஒருமுறை இயக்கிப் பார்த்தால் போதும், கை கண்டுபிடித்துவிடும். சில வருடங்களில் கம்பெனியே இவற்றில் சிலதைத் திருத்தியது. இருந்தாலும் பெயர் கெட்டது கெட்டதுதான். வரிசை எண் 27 லட்சத்துக்கு மேல் இருந்தால் 1964-க்குப் பிந்தையது. பெரியவருடையது 21 லட்சத்துச் சொச்சம், கோட்டின் நல்ல பக்கத்தில் இருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கே ஆசை துளிர்த்தது.

அப்புறம் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். குழலின் மேல் கம்பெனி பெயர் பொறித்த எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இல்லை, சோப்பில் எழுதியதுபோல் கரைந்திருந்தது. ரிசீவரின் பக்கவாட்டைச் சாய்த்துப் பார்த்தால் வெளிச்சம் நேர்கோடாக ஓடவில்லை, அலையடித்தது. திருகாணித் துளைகளின் விளிம்பு தட்டையாக இல்லாமல் கிண்ணம்போல் குழிந்திருந்தது. பாலீஷ் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்ததற்கு இவை மூன்றும் சாட்சி. சாயத்துக்கு அடியில் பழைய துருக்குழிகள் இரண்டு தெரிந்தன. குழிக்கு உள்ளேயும் பளபளப்பான நீலம் இருக்கிறது என்றால், துருப் பிடித்த பிறகுதான் நீலம் ஏற்றியிருக்கிறார்கள்.

கட்டையில் ஒரு சின்னச் சோதனை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. மரமும் இரும்பும் சேரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்ட வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் மரம் ஒரு மயிரிழை மேலே நிற்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்திருந்தால், மரம் இரும்பைவிடக் கீழே போயிருக்கும். இங்கே கீழே போயிருந்தது.

கடைசியாகத் துளைகள். 1950களின் ரிசீவர்களில் பீப் சைட் (சின்னத் துளை வழியாகக் குறிபார்க்கும் கருவி) பொருத்த இடது பக்கம் பின்னால் இரண்டு துளைகளைத் தொழிற்சாலையே போட்டுக் கொடுத்தது உண்டு. அதனால் விலை குறையாது. இதில் அவற்றைத் தவிர இன்னும் நான்கு இருந்தன. வின்செஸ்டர் 94 சுட்ட கூட்டை மேலே எறியும், அதனால் நடுவில் ஸ்கோப் (தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் குறிநோக்கி) வைக்க முடியாது. யாரோ பக்கவாட்டில் ஸ்கோப் தாங்கி மாட்டத் துளையிட்டிருக்கிறார்கள். இந்தக் குறையைக் கம்பெனி 1982-இல்தான் சரிசெய்தது, கூட்டைச் சாய்வாக எறியும் மாடலைக் கொண்டுவந்து.

பெரியவரிடம் கேட்டேன். 1980களில் தன் அண்ணனின் பிறந்தநாளுக்காக இதைப் புதிதுபோல் ஆக்கிக் கொடுக்கச் சொல்லி ஒரு கடையில் விட்டதாகச் சொன்னார். நல்ல காசு கொடுத்திருக்கிறார். கடையில் யாரும் அவரிடம், “ஐயா, இதைச் செய்தால் விலை போய்விடும்” என்று சொல்லவில்லை. எனக்கு அதில் இப்போதும் மனத்தாங்கல் உண்டு. வேலையை நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் எண்ணாகவே சொன்னேன். இதே வருடத்து வின்செஸ்டர், யாரும் கை வைக்காதது, நூறு போகும் என்றால், இது ஐம்பது, ஐம்பத்தைந்து. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சுடுவதற்கு எப்படி?” என்று கேட்டார். சுடுவதற்கு அருமையானது என்றேன். குழல் பளிச்சென்று இருந்தது. லீவரை மூடும்போது பூட்டுக் கட்டை மேலே வந்து ஆடாமல் உட்கார்ந்தது.

வின்செஸ்டர் என்றதும் நினைவுப் பதிப்புகளைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் ஒரு வார்த்தை. 1960களின் நடுவிலிருந்து, தங்க நிறம் பூசி, முத்திரை பதித்து, விதவிதமான நினைவுப் பதிப்புகளைக் கம்பெனி விற்றது. 1966-இன் நூற்றாண்டுப் பதிப்பு மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல். எல்லோரும் சேகரிப்பதற்காகவே வாங்கிப் பெட்டியோடு பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்? ஒருமுறை சுட்டிருந்தாலோ, பெட்டியும் காகிதமும் தொலைந்திருந்தாலோ, சாதாரண வேட்டைத் துப்பாக்கியின் விலைக்கு வந்துவிடும். பெட்டியில் தூங்கும் தங்க நிற ரைஃபிளைவிட, 1898 டிசம்பர் 31-க்குள் செய்து, ப்ளூயிங் பாதி போன ஒரு 1894 மாடல் எவ்வளவோ மேல். அந்தத் தேதிக்கு முன் செய்தவை அமெரிக்க மத்தியச் சட்டப்படி புராதனப் பொருள். வாங்க விற்கக் கெடுபிடி குறைவு, அதற்கே தனி விலை உண்டு. அவ்வளவு பழசாக இருந்தால் வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்துக்கு எழுதலாம். 1894 மாடலில் 3,53,999 வரையிலான வரிசை எண்களுக்குக் கம்பெனியின் பழைய பேரேடுகள் அங்கே இருக்கின்றன. எந்தக் குழலோடு, எந்தத் தோட்டாவுக்கு, எந்த நாள் வெளியே போனது என்று கடிதம் கொடுப்பார்கள். அந்தக் கடிதம் இல்லாமல் “இது எங்கள் கொள்ளுத்தாத்தா விசேஷமாகச் சொல்லிச் செய்தது” என்ற கதைக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

மார்லினைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை, காரணம் அதில் தப்பு ஒன்றும் இல்லை. 1948-இல் வந்த மாடல் 336, உருளை வடிவ போல்ட்டோடு (தோட்டாவை உள்ளே தள்ளி அறையை அடைக்கும் இரும்புத் தண்டு). ரிசீவரின் மேற்பகுதி மூடியது, கூடு பக்கவாட்டில் விழும். ஸ்கோப்புக்கான துளைகள் தொழிற்சாலையே மேலே போட்டவை. வயதாகி, இரும்புக் குறியில் பார்வை பதியாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம்! பெரியவரே கடைசிப் பத்து வருடமாகக் காட்டுக்கு எடுத்துப் போனது இதைத்தான். மற்ற இரண்டும் அலமாரியில்.

மார்லினில் வருடம் கண்டுபிடிப்பது சுலபம். 1973-லிருந்து, வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை நூறிலிருந்து கழித்தால் வருடம். இது 25 என்று தொடங்கியது, ஆக 1975. அடுத்தது, ரிசீவரை ஒட்டிக் குழலின் பக்கத்தில் ஒரு சின்ன முட்டை வடிவத்துக்குள் பழைய மார்லின் தொழிற்சாலையின் ‘ஜேஎம்’ முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2007-இன் இறுதியில் ரெமிங்டன் மார்லினை வாங்குவதாக அறிவித்தது, பின்னர் வேலையை கனெக்டிகட்டிலிருந்து நியூயார்க் மாநிலத்து இலியனுக்கு மாற்றியது. பழைய கைகள் வீட்டுக்குப் போய்விட்டன. ஆரம்பத்தில் அங்கே வந்த ரைஃபிள்களில் கோணல் குறிகள், மரம் சேராத இடைவெளி என்று ஏகப்பட்ட புகார்கள். அதனால்தான் ‘ஜேஎம்’ முத்திரைக்குத் தனி மவுசு. மாறிய காலத்தில் பழைய குழல்களைப் புது இடத்தில் மாட்டியதும் உண்டு, ஆகவே முத்திரையோடு வருடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020-இல் ரூகர் மார்லினை வாங்கியது. இப்போது வரும் புதியவை தரமானவை. நல்ல புதுசு கடையில் கிடைக்கும்போது பழசின் விலை கண்டபடி ஏறாது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மார்லின் கட்டையின் அடிப்புறத்தில் கறுப்பு வெள்ளையில் ஒரு பொட்டு பதித்திருப்பார்கள். அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, தோளில் உதைக்காமல் இருக்கப் பின்பக்கம் ரப்பர் வைப்பதற்காகக் கட்டையை வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெட்டிய மரத்தை ஒட்ட முடியாது. இதில் வெட்டவில்லை. இந்த வகையின் பழைய நோய் ஒன்று உண்டு: வருடக்கணக்கில் லீவரின் முனை உரசி, தோட்டா தூக்கி தேய்ந்து, இரண்டு தோட்டாக்கள் ஒரே நேரத்தில் வந்து சிக்கிக்கொள்ளும். பழக்கப்பட்ட துப்பாக்கிக் கம்மியர் அரை நாளில் சரிசெய்துவிடுவார். வெடிக்காத போலித் தோட்டாக்களைப் போட்டு முப்பது தடவை இயக்கிப் பார்த்தேன். சிக்கவில்லை.

சரி, சாவேஜ். இதைப் பற்றி எழுதும்போது எனக்கு அடக்கமாக எழுத வராது.

ஆர்தர் சாவேஜ் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்து யூட்டிகாவில் கம்பெனி தொடங்கி 1899-இல் இந்த மாடலைக் கொண்டுவந்தார். மற்ற இரண்டிலும் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு நீளக் குழாயில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். முன்னால் உள்ளதன் அடிப்பகுதியில், வெடிக்கும் மூடியின் மேல், பின்னால் உள்ளதன் மூக்கு முட்டும். அதனால் கூர்மூக்குத் தோட்டா போடக் கூடாது, உதையில் குழாய்க்குள்ளேயே வெடிக்கும் ஆபத்து உண்டு. சாவேஜ் அந்தக் குழாயையே எடுத்துவிட்டு, ரிசீவருக்குள் சுழலும் உருளை ஒன்றை வைத்தார். தோட்டாக்கள் அதைச் சுற்றிப் படுத்துக்கொள்ளும், கூர்மூக்கு தாராளமாகப் போடலாம். உள்ளே எத்தனை மீதி என்று இடது பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னலில் எண் தெரியும். வெளியே தெரியும் ஹாமர், அதாவது சுடும்போது விழும் சுத்தியல், கிடையாது. 1915-இல் இந்த ரைஃபிளுக்காக வந்த .250-3000, நொடிக்கு 3000 அடி வேகத்தைத் தொட்ட தோட்டா என்றே விளம்பரமானது. 1920-இல் .300 சாவேஜ், பிற்காலத்தில் நேட்டோ ராணுவத் தோட்டாவுக்கான ஆரம்ப சோதனைகள் இதன் கூட்டிலிருந்துதான் தொடங்கின. பத்து லட்சமாவது 99 வந்தது 1960-இல். அதற்குள் வின்செஸ்டர் இருபத்தைந்து லட்சத்தை நெருங்கிவிட்டது.

இதைக் கடைந்து செய்ய ஆன வேலை அதிகம். செலவு தாங்காமல்தான் 1960களிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். கழற்றும் மேகசின் வந்தது, சுழலும் உருளை ஒருநாள் போய்விட்டது, 1990களின் கடைசியில் மாடலே நின்றது. ஆகவே சாவேஜில் நான் தேடுவது உருளை உள்ளதும், 1960-க்கு முந்தியதும். லீவர் திரும்பும் மூட்டுக்கு அருகில் ஒரு சின்ன முத்திரைக்குள் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 1949-க்கு முதல் எழுத்து, அப்படியே வரிசையாக. பெரியவருடையதில் நான்காவது எழுத்து, ஆக 1952.

ப்ளூயிங் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே. எழுத்துகள் கூர்மை. மேலே இருந்த ஸ்கோப் துளைகள் தொழிற்சாலை போட்டவை. 1940களின் ரைஃபிளில் இதே துளைகள் இருந்தால் பின்னால் யாரோ போட்டது என்று பொருள், விலை இறங்கும். திருகாணித் தலைகளில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய காயம் ஒன்றுகூட இல்லை. யாரும் திறந்தே பார்க்கவில்லை.

ஒரு குறை இருந்தது. ரிசீவரின் வால் மரத்துக்குள் முடியும் இடத்திலிருந்து அரை அங்குல நீளத்தில் ஒரு விரிசல். சாவேஜ் 99-க்கு இது பிறவிக் குறை. அங்கே மரம் மெல்லியது, கட்டையைப் பிடிக்கும் நீள போல்ட் வருடங்களில் தளர்ந்தால் ஒவ்வொரு உதையும் அங்கேதான் இறங்கும். கவனிக்காமல் சுட்டால் விரிசல் நீண்டுகொண்டே போகும். கவனித்தால், போல்ட்டை முறுக்கி, விரிசலுக்குள் பசை இறக்கி, மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விட்டு நிறுத்திவிடலாம். நூறு போகும் சாவேஜில் இதற்காகப் பதினைந்து, அதிகம் போனால் இருபது கழிக்கலாம். மேலே வார்னிஷ் அடித்து மறைக்கவே கூடாது. மறைத்த விரிசல் வெளியே வந்தால் மற்ற எல்லாவற்றிலும் வாங்குகிறவருக்கு நம்பிக்கை போய்விடும்.

மூன்றுக்கும் குழலுக்குள் பார்ப்பது ஒரே மாதிரி. அறைப் பக்கம் வெள்ளைத்தாளை வைத்து, அதன் மேல் கைபேசி வெளிச்சத்தை அடித்து, முன்வாயிலிருந்து பாருங்கள். உள்ளே சுருண்டு ஓடும் வரிகளின் விளிம்பு கூர்மையாக, கண்ணாடிபோல் இருக்க வேண்டும். 1930களுக்கு முந்தியவற்றில் அன்றைய தோட்டாக்களின் வெடிக்கும் மூடியிலிருந்து வந்த உப்பு குழலை அரித்திருக்கும். கறுத்த புள்ளிகள் வரிசையாகத் தெரியும். வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குப் பாதி விலைதான் நான் சொல்வேன். இன்னொன்று முன்வாய். வின்செஸ்டரிலும் சாவேஜிலும் போல்ட்டைச் சுலபமாகக் கழற்ற முடியாது, ஆகையால் சுத்தம் செய்யும் கம்பியை முன்வாய் வழியாகவே விடுவார்கள். ஐம்பது வருடம் கம்பி உரசினால் வாயின் விளிம்பு ஒரு பக்கமாகத் தேயும், குறி சிதறும். மார்லினில் லீவரின் ஒரே திருகாணியைக் கழற்றினால் போல்ட் பின்னால் வந்துவிடும், பின்பக்கமிருந்து சுத்தம் செய்யலாம். ஐம்பது வருடத்தில் இந்தச் சின்ன வசதி பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவருகிறது. பெரியவரின் மூன்றில் மார்லினின் வாய்தான் நேற்றுக் கடைந்ததுபோல் இருந்தது.

தோட்டாவையும் நினைக்க வேண்டும். .30-30 எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். .300 சாவேஜ் சீசனுக்கு முன் கொஞ்சம் வரும், வந்ததும் தீர்ந்துவிடும், விலையும் கூட. வீட்டிலேயே தோட்டா அடைக்கத் தெரியாதவர் வருடத்துக்கு இரண்டு பெட்டி முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியிருக்கும்.

விலை எங்கே பார்ப்பது? கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஏல இணையதளங்களில் விற்று முடிந்த விலையைத் தனியே பார்க்கும் வசதி உண்டு. அதில் கடந்த ஆறு மாதத்தில், அதே மாடல், அதே தோட்டா, அதே நிலையில் உள்ள ஐந்தாறு விற்பனைகளை எடுத்து, உச்சத்தையும் அடியையும் தள்ளிவிட்டு நடுவில் நின்றதைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரரிடம் விற்றால் அதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் நல்லது. அவருக்கும் வாடகை, லாபம் இருக்கிறது. வேறு மாநிலத்துக்கு விற்பதானால் உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு ஒரு கட்டணம். எச்-1பி போன்ற விசாவில் இருக்கும் நம் நண்பர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். “பக்கத்து வீட்டுக்காரர் சும்மா கொடுத்தார்” என்று வாங்கி அலமாரியில் வைத்துவிட வேண்டாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

தாளில் எழுதியபோது பெரியவர் மனசில் இருந்த வரிசை மாறிவிட்டது. முதலில் சாவேஜ், விரிசலைக் கழித்த பிறகும். அடுத்தது மார்லின். கடைசியில், மார்லினுக்கு ஒரு படி கீழே, வின்செஸ்டர். பெரியவர் தாளை இரண்டு முறை படித்தார். ஒவ்வொரு கழிவுக்கும் காரணத்தைத் துப்பாக்கியைத் தொட்டுக் காட்டினேன். மரத்தில் விரலை ஓட்டும் சோதனையை மூன்றிலும் அவரே கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்த்துவிட்டு, தலையாட்டினார்.

யார் எதை வாங்கலாம் என்று கேட்டால் என் பதில் இது. பணத்தை நிறுத்தி வைத்து, பத்து வருடம் கழித்துக் குறையாமல் எடுக்க வேண்டும் என்பவர் சாவேஜை எடுக்கட்டும், ஆனால் மழையில் கொண்டுபோக மனம் வராது. முதல்முதலாக வாங்குகிறவர், கண்ணாடி போட்டவர், வருடத்துக்கு ஒரு மான் போதும் என்பவர், யோசிக்காமல் மார்லினை எடுக்கலாம். வாங்கிய விலைக்கே என்றைக்கும் விற்கலாம். வின்செஸ்டர்தான் வேண்டும், அந்த மெல்லிய ரிசீவரை நடுவில் ஒரு கையால் பிடித்து நடக்கும் சுகம் வேண்டும் என்பவர், சேகரிப்பவர்கள் ஒதுக்கிய, சாயமேற்றிய, துளை போட்ட பழையதைத் தேடுங்கள். கெட்டி இரும்பின் தரம் முழுசாக இருக்கும், பாதி விலைதான், இனி விழுவதற்கும் ஒன்றும் இல்லை.

நான் மார்லினை எடுத்துக்கொண்டேன். பெரியவர் ஐம்பது டாலர் குறைத்துச் சொன்னார், தாளில் இருந்த எண்ணையே கொடுத்தேன். சாவேஜை, விரிசலை மிக அருகில் எடுத்த இரண்டு படங்களோடு ஏலத்துக்கு அனுப்பினோம். தாளில் எழுதியதைவிடச் சற்று மேலேயே போனது. வின்செஸ்டரைப் பக்கத்துத் தெருவில் பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் வாங்கினான், அவனுக்கு அதுதான் முதல் ரைஃபிள். துளைகளைக் காட்டி, இதனால்தான் விலை இவ்வளவு கம்மி என்று சொன்னேன். அடுத்த வாரம் பக்கவாட்டு ஸ்கோப் தாங்கி ஒன்றைத் தேடிப் பிடித்து, அதே நான்கு துளைகளில் மாட்டிக்கொண்டு பெரியவரிடம் காட்ட வந்திருந்தான்.